காதில்லாத யானை



2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, வீட்டில் பயனின்றி அடைந்து கிடக்கும் பொருள்களை எடுத்து அவை தேவைப்படுவோர்க்கு ஈயுங்கள் என்று நாம் மறையுரையில் சற்று உரக்கவே கூறினோம். அதற்கு முந்திய மாதத்தில் வீடு சந்திக்கச் சென்றபோது, ஆய்க்குடியில் தனியே வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் இல்லத்தில், கண்ணாடி அலமாரி நிறையப் பஞ்சு பொம்மைகளைக் கண்டிருந்தோம். கரடி, முயல், குரங்கு, வரிக்குதிரை என்று முப்பத்தெட்டு. “குழந்தைகள் இல்லாத வீட்டில் இத்தனை பொம்மைகளா, டீச்சர்?” என்று நகைத்துக்கொண்டே வினவினோம். அவரும் நகைத்தார். அந்த நகைப்பை நாம் சரியாகப் படிக்கவில்லை.

மறையுரை முடிந்த வாரமே பெரிய சாக்குப் பை ஒன்றுடன் அவர் பங்கு இல்லத்துக்கு வந்துவிட்டார். “சாமி சொன்னது எனக்குத்தான்னு பட்டுது” என்றார். முப்பத்தெட்டும் அப்பைக்குள் இருந்தன. நாம் அகமகிழ்ந்து, அன்று மாலையே அவற்றைப் பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்கு அனுப்பி வைத்தோம். பையை அவிழ்த்துப் பார்க்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, பூசைக்குப் பின் அவர் கோயில் வாசலில் காத்து நின்றார். “சாமி, அந்த யானை மட்டும் அங்கே கிடக்குதான்னு கேட்டுப் பார்க்க முடியுமா? ஒரு காது இருக்காது. சாம்பல் நிறம்.”

பிறகுதான் கதை வெளிப்பட்டது. 1984-ஆம் ஆண்டு குற்றாலச் சீசனில், சாரல் நனைக்காதபடி பாலித்தீன் உறையிட்டுக் கடைகளில் தொங்கவிட்டிருந்த பொம்மைகளுள் ஒன்றை, அவர் கணவர் தம் கைக்குழந்தையான மகளுக்காக வாங்கினார். இலவம் பஞ்சு அடைத்த யானை. அதன் காதைக் கடித்துத் துண்டாக்கியவன் பின்னர்ப் பிறந்த மகன். அவன் இன்று சவூதியில். மகள் கனடாவில். அந்த முதல் யானைக்குப் பின், ஆண்டுக்கு ஒன்றாக வாங்குவது அம்மனிதரின் வழக்கமாயிற்று. பிள்ளைகள் வளர்ந்து பொம்மைகளைத் திரும்பிப் பாராத நாளிலும் அவர் நிறுத்தவில்லை. அவர் மறைந்த ஆண்டில் வாங்குவாரில்லை. மறு சீசனில் அம்மையார் தாமே பேருந்தேறிச் சென்று ஒன்றை வாங்கி வந்தார். கொரோனாவால் அருவிகள் அடைபட்டிருந்த 2020, 2021 ஆகிய ஆண்டுகள் நீங்கலாக, ஒரு சீசனும் தவறவில்லை. நாம் ‘அடைந்து கிடப்பவை’ என்று எண்ணியது நாற்பதாண்டு இல்லற வாழ்வின் கணக்குப் புத்தகம்.

குருமடத்தில் கிரேக்கம் பயின்றபோது ‘நோஸ்டால்ஜியா’ என்னும் சொல்லைப் பண்டைக் கிரேக்கர் ஆண்ட சொல் என்றே எண்ணியிருந்தோம். அன்று. வீடு திரும்புதல், வலி ஆகிய இரு கிரேக்கச் சொற்களை ஒட்டி, 1688-ஆம் ஆண்டு யோகான்னஸ் ஹோஃபர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக ஆக்கிக்கொண்ட நோயின் பெயர் அது. ஊரைப் பிரிந்து அயலிடம் சென்றோர் உண்ணாமல் உறங்காமல் இளைப்பதைக் கண்டு அவர் அவ்வாறு பெயரிட்டார். பிரிந்து சென்றவர்க்கு நோய் என்றார். பிரிந்து செல்லாமல் வீட்டிலேயே இருப்பவர்க்கும் அது வரும் என்பதை ஆய்க்குடியில்தான் அறிந்தோம்.

பஞ்சு விலங்குகளின் வரலாறு நம் ஊர்க்காரர்க்கு நெருக்கமானது என்றால் வியப்பீர்கள். ஜெர்மனியின் கீங்கன் என்னும் சிற்றூரில் 1847-இல் பிறந்த மார்கரெட் ஸ்டைஃப் அம்மையார், ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலற்று, வலக்கையும் வலுக்குன்றி, வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியில் இருந்தவர். தையல் கற்று அதனால் பிழைத்தார். 1880-இல், ஊசி குத்தி வைப்பதற்காகக் கம்பளித் துணியில் சிறு யானை ஒன்றைத் தைத்தார். பிள்ளைகள் அதைப் பறித்துக்கொண்டு விளையாடினர். ஊசிகளுக்கு இடமில்லாது போயிற்று. 1886-க்குள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் விலைபோயின என்பர். 1902-இல் அவர் உடன்பிறந்தார் மகன் ரிச்சர்டு, கைகால் அசையும் கரடியை வடிவமைத்தார். 1903-இல் லைப்சிக் சந்தையில் அமெரிக்க வணிகர் ஒருவர் அதில் மூவாயிரம் வேண்டுமென்றார். 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணன் அவர்களை நம் குடும்பங்கள் அறியும். 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஆதலால் நாற்காலியில் அமர்ந்தபடியே ஒருவர் எவ்வளவு செய்யக்கூடும் என்பதை ஆய்க்குடியாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அதே 1902-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பிக் காட்டில் கட்டி வைத்த கரடியைச் சுட மறுத்தார், அதைக் கேலிச்சித்திரமாக்கினர், அதிலிருந்து ‘டெடி’ என்னும் பெயர் கரடிப் பொம்மைக்கு வந்தது. இதைப் பலரும் அறிவர். அடிபட்டிருந்த அக்கரடியின் வேதனையை முடிக்க அவர் அதைக் கொன்றுவிடச் சொன்னார் என்னும் பிற்பகுதியைப் பொம்மைக் கடையில் எவரும் சொல்வதில்லை. கழிந்த நாளை நினைப்பவர் அனைவரும் இவ்வாறே கதையைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறோம் போலும்.

பழைய பொம்மையைச் சேர்ப்போர் பலவகையினர். 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ‘பீனி பேபி’ என்னும் சிறு பொம்மைகளைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகுமென்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியோர் உண்டு. விலை விழுந்தது, பெட்டிகள் எஞ்சின. அது சேகரிப்பன்று, சூதாட்டம். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

டொனால்டு வின்னிகாட் என்னும் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951-இல் கூறியது இன்னும் கருதத்தக்கது. தாயை விட்டு மெல்ல விலகும் குழந்தை, தானுமல்லாத தாயுமல்லாத ஏதோ ஒரு மெத்தென்ற பொருளைப் பற்றிக்கொள்கிறது. அது துணிக் கிழிசலாயிருக்கலாம், கரடியாயிருக்கலாம். அதை மாற்றக் கூடாது, துவைக்கவும் கூடாது. துவைத்தால் மணம் போய்விடும். மணம் போனால் பொருளே போயிற்று. எந்தத் தாயும் இதை மருத்துவரிடம் கேட்டு அறிவதில்லை. வளர்ந்த பின் குழந்தை அப்பொருளை மறப்பதுமில்லை, அதற்காக அழுவதுமில்லை. அது பொருளற்றுப் போகிறது என்கிறார் அவர். மகள் அப்படித்தான் விட்டுச் சென்றாள். விட்டுச் சென்றதைத் தாய் எடுத்துக்கொண்டார். இப்பகுதியை வின்னிகாட் எழுதினாரா என்பதைவிட, நாம் அன்று அதை எண்ணினோமா என்பதே கேள்வி.

நம் தமக்கையார் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புப் பெட்டியை இன்றும் பரணில் வைத்திருக்கிறார். கடைசல் பட்டறையில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய அடுப்பு, பானை, திருகை. அதை எவருக்கேனும் கொடுத்துவிடு என்று அவரிடம் ஒருபோதும் நாம் கூறியதில்லை. சொந்த வீடு என்றால் நாக்குக்குக் கடிவாளம் தானே வந்துவிடுகிறது.

பிள்ளைகள் இல்லத்துக்கு இருமுறை சென்றோம். பொம்மைகளைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டிருந்தனர். ஒரு சிறுமி வரிக்குதிரையைத் தோளில் கிடத்தித் தட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் அடைந்த மகிழ்ச்சி பொய்யன்று. அதையும் இங்கே எழுதியாக வேண்டும். யானை அங்கில்லை. கிழிந்தும் அழுக்கேறியும் இருந்ததால், வந்த அன்றே குப்பையோடு எரித்துவிட்டதாகப் பணிப்பெண் கூறினார். அவர்மேல் குற்றமில்லை. பையை அவிழ்த்துப் பாராதவர் நாம்.

ஆய்க்குடிக்குச் சென்று அதை அம்மையாரிடம் நேரில் கூறினோம். “சரி சாமி” என்றார். காப்பி கொடுத்தார். அலமாரியில் பாடப் புத்தகங்கள் இருந்தன. நாம் மன்னிப்புக் கேட்டோம். “கொடுத்தது நான்தானே” என்று பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிட்டார்.

அவ்வாண்டுச் சீசனில் ஒரு பணியாகத் தென்காசிக்குச் சென்றவர்கள், குற்றாலம் வரை போய்வந்தோம். சாரலில் நனைந்தபடி கடை கடையாய்ப் பார்த்தோம். இப்போதைய பொம்மைகளில் இலவம் பஞ்சு இல்லை. செயற்கை இழைதான், கை வைத்தால் உடனே நிமிர்ந்துகொள்கிறது. இரு காதும் உள்ள சாம்பல் நிற யானை ஒன்றை வாங்கினோம். வாங்கிய பின், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் துணிவு வரவில்லை. போனதற்கு ஈடாக இதைக் கொடுப்பது இரண்டாவது பிழையாகுமோ என்று அஞ்சினோம். அது நம் மேசைமீது அமர்ந்துவிட்டது.

கணவரின் நினைவு நாள் பூசைக்குப் பெயர் எழுத வந்த அம்மையார் அதைக் கண்டார். “யாருக்கு சாமி?” என்றார். “சும்மா வாங்கினோம்” என்றோம். சிறிது நேரம் அதையே பார்த்திருந்தார். பிறகு மடங்கியிருந்த அதன் தும்பிக்கையை விரலால் நிமிர்த்தி வைத்துவிட்டு, “இந்த வருசம் நான் இன்னும் போகல” என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார்.