பள்ளியை முந்தும் பயணச்சீட்டு

பத்தாம் வகுப்புத் தேறாத இளைஞன் கடவுச்சீட்டு எடுத்தால், பொதுவாக அதில் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்னும் குறிப்பு ஏறிவிடுகிறது. தேறியவனுக்கு அக்குறிப்பு இல்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தை ஒட்டி வந்த ஏற்பாடு இது. எளிதில் ஏமாற்றப்படக் கூடியோரைக் காப்பதே இதன் நோக்கம் என்பர். நோக்கம் நன்றே. ஆயினும், அப்பிள்ளை அந்நிலைக்கு எவ்வாறு வந்தான் என்று அரசும் வினவவில்லை, நாமும் வினவவில்லை. வேலைக்காக வளைகுடா செல்ல அவன் குடிபெயர்வோர் காப்பாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும். அத்தொல்லையைத் தவிர்க்கத் தரகர் காட்டும் குறுக்குவழி சுற்றுலா விசா. அதில் போய் இறங்கியவனுக்குச் சட்டத்தின் காவலும் இல்லை. சம்பளம் கேட்டு வழக்காட ஒப்பந்தத் தாளும் இல்லை.

சபர் நமக்குப் புதிதன்று. பர்மா, மலாயா, இலங்கை என்று சென்ற முன்னோரின் உழைப்பால் எழுந்தவையே கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் வீடுகளுள் பல. சபராளியைக் குறைகூற நாம் எழுதவில்லை. நம் பெரியோர் கல்விக்கும் வாரி வழங்கினர். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. திருச்சியில் 1951இல் ஜமால் முகம்மது கல்லூரி. அதிராம்பட்டினத்தில் 1955இல் காதிர் முகைதீன் கல்லூரி. வாசல்கள் உயர்ந்தன. அவ்வாசல் வரை பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துவர ஓர் ஆளை நியமித்தோமா?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, 1953இலேயே, பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர் கல்விக்கூடங்களில் வேண்டும் என்றது. 1966இல் கோத்தாரிக் குழு, பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது சுற்றிவர வேண்டும் என்றது. பத்துக்கு ஒருவர்! அந்தக் குறைந்த அளவேனும் நம் பள்ளிகளுக்கு வாய்த்ததா என்பதை வாசகர் தத்தம் ஊர்ப் பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம். கட்டாயக் கல்விச் சட்டமோ பதினான்கு வயதோடு கைகழுவிவிடுகிறது. பின்லாந்து 2021இல் கட்டாயக் கல்வியைப் பதினெட்டு வயது வரை நீட்டியது. அங்கே வழிகாட்டல் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்ற ஒன்று.

தமிழக அரசு 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்குக் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் நடைபெற்றன. வரவேற்கிறோம். ஆனால் அரங்கில் வந்து அமர்ந்தவனுக்குத்தானே அந்த உரை? பத்தில் இரு பாடம் தவறி, போர்வைக்குள் முகம் புதைத்துக் கிடப்பவனைத் தேடி எந்த ஒலிபெருக்கியும் போவதில்லை. அவனைத் தேடி வருபவர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மாமா ஒருவரே. "படிப்பு ஏறாதவனை ஏன் வருத்துகிறீர்கள்? என் கடையில் ஆள் வேண்டும்" என்கிறார். அன்பினால்தான் சொல்கிறார். நம் ஊர்களின் தொழில் வழிகாட்டும் கொள்கை முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

அவனிடம் வேறு சிலவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். தவறிய பாடத்திற்குத் துணைத்தேர்வு அவ்வாண்டிலேயே உண்டு. தேறினால் அவ்வாண்டே பதினொன்றில் சேரலாம். எட்டு முடித்தவனுக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சில பிரிவுகள் உண்டு. பத்து முடித்தால் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு. அதன்பின் நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டு. மின்பணியாளர் சான்றிதழோடு செல்பவனுக்கும், வெறுங்கையோடு சென்று மூட்டை தூக்குபவனுக்கும் அதே வளைகுடாவில் எவ்வளவு வேறுபாடு! இதைச் சொல்ல ஒரு மணி நேரம் போதும்.

அயல்நாட்டுக்குப் படிக்கச் செல்வோர் நிலையும் இதைவிடச் சிறந்ததாயில்லை. வேலைக்குச் செல்ல ஊரே துணை. படிக்கச் செல்லத் துண்டு விளம்பரமே துணை. நகையை விற்று மகனை அயல்நாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் தந்தைக்கு, 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அப்படிப்பு குறைந்தது 54 மாதம் நீள வேண்டும், ஆங்கிலவழியில் இருக்க வேண்டும், திரும்பியபின் இங்கே தகுதித்தேர்வும் எழுத வேண்டும் என்பது தெரிவதில்லை. அத்தேர்வில் தவறுவோரே மிகுதி. செருமனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதும், நம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று மட்டும் பெரும்பாலும் அங்கே நேரடிச் சேர்க்கைக்குப் போதாது என்பதும் அவருக்கு ஒருசேரத் தெரிய வேண்டியவை. தரகர் முதற்பாதியை மட்டும் சொல்கிறார். சிறுபான்மை மாணவரின் அயல்நாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த ஒன்றிய அரசின் திட்டமும் 2022-23இல் நிறுத்தப்பட்டது. வழிகாட்டியும் இல்லை, வழிச்செலவும் இல்லை என்றால் ஏழையின் பிள்ளை என்ன செய்வான்?

பெண்பிள்ளைகள் பல ஊர்களில் தமையன்மாரை விஞ்சிப் படிக்கின்றனர். பட்டதாரிப் பெண்ணுக்குப் பத்துத் தேறாத மாப்பிள்ளை பேசப்படுவதை இன்று எந்த மஹல்லாவில் காணவில்லை?

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறோம். ஆண்டுதோறும் முதல் மூன்று இடம் பெற்றோர்க்குப் பொன்னாடையும் பதக்கமும் வழங்குகிறீர்கள். அவர்களுக்கு வழி தெரியும். தேறாதோர் பட்டியலை என்றேனும் கேட்டு வாங்கினீர்களா? முடிவு வெளியாகும் வாரத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசை போட்டு, விவரம் அறிந்த ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, தவறிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்புங்கள். தேர்வுக் கட்டணத்தைப் பைத்துல்மால் ஏற்கட்டும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பவை சில நாட்களே.