கடுகைக்கூட வீணாக்காதே!

யுத்தத்துக்கு ரூல்ஸ் எழுதச் சொன்னா என்ன எழுதுவோம்? கோட்டையை எப்படி உடைக்கிறது, கைதிகளை என்ன பண்றது... இப்படித்தான் போகும். ஆனா, யூதர்களின் வேதமான தோராவில் ஒரு யுத்த விதி மரத்தைப் பத்திப் பேசுது பாஸ்! தமிழ் பைபிள்ல உபாகமம் 20-ம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்க. எத்தனை நாள் ஒரு ஊரை முற்றுகை போட்டாலும் சரி, பழ மரத்தின் மேல கோடரி விழக் கூடாது. பழத்தைச் சாப்பிடலாம், மரத்தைச் சாய்க்கக் கூடாது. சண்டை மனுஷங்களோடதானே, மரம் என்ன பண்ணுச்சு?

இந்த ஒத்தை விதியிலிருந்து கிளம்பியதுதான் 'பல் தஷ்ஹித்'. எபிரேய மொழியில் 'அழிக்காதே'ன்னு அர்த்தம். பின்னால் வந்த ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள், இதை மரத்தோட நிறுத்தலை. 12-ம் நூற்றாண்டில் எகிப்தில் டாக்டராக இருந்த மைமோனிடஸ் ஒரு லிஸ்ட்டே போட்டார். காரணமில்லாம பாத்திரத்தை உடைக்கிறது, துணியைக் கிழிக்கிறது, கட்டடத்தை இடிக்கிறது, ஊற்றை அடைக்கிறது, சாப்பாட்டை வீணாக்குறது... எல்லாமே தப்பு! 13-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதப்பட்ட ஒரு நூல் இன்னும் ஒரு படி மேல போகுது. நல்ல மனுஷன் ஒரு கடுகு வீணாப் போறதைக்கூடப் பொறுக்க மாட்டானாம்.

இதைவிட ஆச்சர்யம், விளக்கு மேட்டர். சுமார் 1,500 வருஷத்துக்கு முன்னால் தொகுக்கப்பட்ட தால்முத் நூலில் ஒரு ரபி சொல்றார்... எண்ணெய் விளக்கை மூடி வைக்கிறதும், நாப்தா விளக்கைத் திறந்து வைக்கிறதும் இந்தச் சட்டத்தை மீறுறது. ஏன்னா, அப்படிச் செஞ்சா எரிபொருள் சீக்கிரம் தீர்ந்துடும். வெளிச்சம் வேணும்னா ஏத்திக்கோ, தேவைக்கு மேல எரிக்காதே. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு ஏ.சி. போடுற பார்ட்டிகள் கவனிக்க!

ஆனா, இதில் ஒரு ஓட்டையும் இருக்கு. பழத்தைவிட மரக்கட்டைக்கு அதிக விலை கிடைக்கும்னா, அந்த மரத்தை வெட்டலாம்னு அதே தால்முத் அனுமதி கொடுக்குது. லாபம் இருந்தா அது 'அழிவு' இல்லையாம். அப்போ, நிலக்கரி எரிக்கிறவர் "எனக்கு லாபம் இருக்கே"ன்னு சொன்னா?

அதுக்கும் பதில் அதே மரபில் இருக்கு. தோல் பதனிடும் தொட்டி ஊரை விட்டு 50 முழம் தள்ளி இருக்கணும், அதுவும் ஊருக்குக் கிழக்கேதான் இருக்கணும்னு சொல்லுது மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு. காற்று வீசுற திசையைப் பார்த்துப் போட்ட ரூல் இது. தொழில் உன்னோடது, லாபமும் உன்னோடது. ஆனா, நாத்தம் அடுத்தவன் மூக்குக்குப் போகக் கூடாது. பருவநிலை மாற்றத்தோட மொத்தப் பஞ்சாயத்தும் இதுதானே? புகை விடுறது ஒருத்தர், வெள்ளத்துல நிக்கிறது இன்னொருத்தர். இன்னிக்கு இருக்கிற கார்பன் காற்றுக்கு 50 முழமெல்லாம் எந்த மூலைக்கு!

சரி, புத்தகத்தில் இருக்கு. தரையில் இருக்கா? இங்கதான் சிக்கல். இஸ்ரேல் ஆக்கிரமிப்பில் இருக்கும் மேற்குக் கரையில் பாலஸ்தீன விவசாயிகளின் ஆலிவ் மரங்கள் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டிருக்கு. ஆலிவும் பழ மரம்தான். யுத்த காலத்திலேயே வெட்டாதேன்னு சொன்ன வேதம் உள்ள நாட்டு ஆட்களே வெட்டுறாங்க. அதே வேதத்தைக் கையில் வெச்சுக்கிட்டு, அந்த விவசாயிகளோட ஆலிவ் அறுவடைக்குத் துணையாப் போறவங்களும் யூத ரபிகள்தான். 1988-ல் தொடங்கிய 'மனித உரிமைகளுக்கான ரபிகள்' அமைப்பு அது. ஒரே விதி. மதிக்கிறவங்களும் உண்டு, மறந்தவங்களும் உண்டு.

'ஷ்மிட்டா' கதையும் இப்படித்தான். ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை நிலத்துக்கே லீவு. உழவு கிடையாது, விதைப்பு கிடையாது. தானா விளையுறதை ஏழைகள் எடுத்துக்கலாம், மிருகங்களும் தின்னலாம். கடைசி ஷ்மிட்டா 2021 செப்டம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை. அடுத்தது 2028-ல் ஆரம்பம். ஒரு வருஷம் விளைச்சல் இல்லைன்னா விவசாயி என்ன செய்வார்? அதனால, நிலத்தை யூதர் அல்லாத ஒருத்தருக்குக் காகிதத்தில் வித்துட்டுப் பயிர் செய்யலாம்னு 1880-களின் கடைசியில் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அது சரியா தப்பான்னு சண்டை இன்னிக்கும் ஓயலை.

அதே சமயம், அமெரிக்காவில் 2020-ல் யூதர்கள் ஆரம்பிச்ச பருவநிலை இயக்கத்துக்கு வெச்ச பேர் என்ன தெரியுமா? 'தயேனு'. பஸ்கா பண்டிகைப் பாட்டில் வர்ற வார்த்தை. 'நமக்கு இதுவே போதும்'னு அர்த்தம்.

எந்த மரபிலும் நல்ல விதி இருக்கும், தப்பிக்க ஒரு சந்தும் இருக்கும். எதைப் பிடிச்சுக்கிறோம்கிறது ஒவ்வொரு தலைமுறையும் எடுக்குற முடிவு. ரபிகள் அன்னிக்குக் கேட்ட கேள்வி ரொம்ப சிம்பிள்: இந்த விளக்கு தேவைக்கு எரியுதா, சும்மா எரியுதா?

இதைப் படிச்சு முடிச்சதும் உங்க ரூம் ஸ்விட்சை ஒரு தடவை பாருங்களேன்!