நம் மண் அசையாது என்பவர்களுக்கு

“இலங்கையில் பூமியதிர்ச்சியால் வீடு இடியாது, நமக்குக் கடல்தான் பயம்.” கல்முனையில் மாடி கட்டுபவரும், கட்டித்தரும் மேசன்மாரும் நிம்மதியாகச் சொல்லும் வார்த்தை இது. கடல் பயம் உண்மைதான். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. மருதமுனை முதல் நிந்தவூர் வரை அந்த அதிர்வு வீடுகளைச் சாய்க்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வந்த கடலே அள்ளிப்போனது. அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் இழந்தது. அதை வைத்து, நிலம் நம்மை ஒன்றும் செய்யாது என்று முடிவெடுப்பது பிழை.

“நாம் இருப்பது உறுதியான பழம்பாறை” என்பது முதல் வாதம். மகாராஷ்டிராவின் லாத்தூரையும் உறுதியான நிலம் என்றே நம்பினார்கள்; அன்றைய இந்திய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த வலயம் அது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள் உறங்கியவர்கள்மேல் விழுந்தன. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். நமக்கு அடுத்த மொனராகலை மாவட்டத்தின் புத்தல, வெல்லவாய பகுதிகளிலும் 2023 பெப்ரவரியில் நிலம் சிறிதாக அசைந்தது.

“ரிச்டர் எண் சிறிதென்றால் பயமில்லை” என்பது இரண்டாவது. லாத்தூரின் எண் 6.2 மட்டுமே. எண் சொல்வது பூமிக்குள் வெளியான சக்தியை. நம் வாசல் எவ்வளவு ஆடும் என்பதை ஆழமும் தூரமும் மண்ணும் தீர்மானிக்கும். எத்தனை பேர் சாவார்கள் என்பதைச் சுவர்கள் தீர்மானிக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ‘பேஜர்’ முறை இதையே கணக்கிடுகிறது. எந்த ஊரில் எவ்வளவு ஆட்டம், அங்கே எத்தனை பேர், கட்டடங்கள் எத்தகையவை என்று பார்த்து, பச்சை முதல் சிவப்பு வரை நிறம் காட்டுகிறது. சுனாமி அந்தக் கணக்கில் இல்லை. பச்சையைக் கண்டு கரையில் நிற்கக் கூடாது.

“தூரத்தில் அதிர்ந்தால் நமக்கென்ன?” என்பது மூன்றாவது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் அருகே அதிர்ந்தபோது, 200 கிலோமீற்றருக்கு அப்பால் அகமதாபாத்தில் மாடிக் குடியிருப்புகள் சரிந்தன. வாகனம் நிறுத்தக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களில் விட்டிருந்தார்கள். வண்டல் மண்ணோ ஆட்டத்தைப் பெருக்கியது. கடைக்காகக் கீழ்த்தளத்தைத் திறந்து வைத்து மேலே குடியிருக்கும் கட்டடங்கள் நம் வீதிகளிலும் உண்டு. நாம் நிற்பதோ கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணலில்.

நாளையே வரும் என்று மிரட்டவில்லை. மாடிக்கு அனுமதி தரும்போது மாநகர சபை தூணையும் மண்ணையும் பார்க்கட்டும். எந்த ஒழுங்கையில் எத்தகைய வீடு, அதில் எத்தனை பேர் என்ற பதிவு பிரதேச செயலகங்களில் இருக்கட்டும். சுனாமிக்குப் பிறகு ஜனாஸாக்களை எண்ணிய ஊர் இது. வீடுகளை எண்ணிவைக்க இப்போது நமக்கு நேரம் இருக்கிறது.