"கணக்கு வராது" என்பதை நாங்கள் ஏற்கவில்லை

சேத்தியாத்தோப்பில் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர்கள் நாங்கள். கணிதம் பற்றி நம் ஊரில் நிலவும் பேச்சு குறித்து எங்கள் நிலைப்பாடு இது.

எழுதப் படிக்கத் தெரியாததை யாரும் சபையில் பெருமையாகச் சொல்வதில்லை. "எனக்குக் கணக்குன்னாலே ஆகாது" என்பதை மட்டும் மேடையேறிச் சிரித்தபடி சொல்கிறோம், கைதட்டும் விழுகிறது. திண்ணைப் பள்ளிக் காலத்தில் எண்சுவடி ஒப்பிக்காமல் தப்ப முடியாது. அங்கே அடியும் இருந்தது, அது திரும்பி வரவே வேண்டாம். ஆனால் அடி போன இடத்தில், "விடுங்க, அவளுக்குக் கணக்கு மண்டை இல்ல" என்ற தீர்ப்பு வந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் மீது அது இன்னும் எளிதாக விழுகிறது. ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைக்குத் தேவை மறுபடி ஒருமுறை பின்னம்தான். 2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததே, பின்தங்கியதைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான்.

கணக்கு பள்ளியோடு முடிவதில்லை. எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் நம்முடையது. 2024-25 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு குவிண்டால் 340 ரூபாய். கட்டுமானம் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் 315.10. நாற்பது டன் வெட்டிய குடும்பத்துக்கு இந்த இரண்டு விலைக்கும் நடுவே 9,960 ரூபாய் வித்தியாசம். சதவீதம் தெரியாத வீடு, ஆலை தரும் சீட்டில் எழுதியதை அப்படியே நம்பியாக வேண்டும்.

ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22ஐ, 2012 முதல் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று அவரைப் பிறவி மேதை என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். கேட்கும் பிள்ளை, கணக்கு தனக்கானதல்ல என்று நினைத்துக்கொள்கிறது. கார் என்பவர் எழுதிய கணித நூலில் இருந்த ஆயிரக்கணக்கான தேற்றங்களைக் கும்பகோணத்துப் பையன் பலகையில் எழுதி எழுதிப் போட்டுப் பார்த்த உழைப்பையும் சொல்லுங்கள்.

தேர்ச்சி விகிதம் குறையும் என்று அஞ்சி, கணிதம் கேட்கும் மாணவரைப் பதினொன்றாம் வகுப்பில் வேறு குரூப்புக்குத் தள்ளுவதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும். ஆண்டுவிழாவுக்கு வரும் விருந்தினர்கள் "எனக்குக் கணக்குன்னாலே ஆகாது" என்ற அந்தப் பழைய நகைச்சுவையைத் தவிர்க்க வேண்டும். பெற்றோரே, உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை முன்னால் "நம்ம குடும்பத்துக்கே வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாலையில் எங்களிடம் அனுப்புங்கள்.