ஷூமனைத் திருத்துகிறவர்கள்

சிம்பொனி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செத்துப்போன ஒரு மனிதர் எழுதியதைத் திருத்திவிட்டு, திருத்தியவருக்கே மார்க் போடும் ஒரு வழக்கத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எழுத்தில் அக்கறையுள்ள எவருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

ராபர்ட் ஷூமன் முழுதாக எழுதி வெளியிட்ட சிம்பொனிகள் நான்கு. நான்கையும் சேர்த்து இசைத்தட்டில் தந்தவர்கள் பலர். இவர்களை ஒப்பிட்டு, இது முதல், அது இரண்டாவது என்று வரிசைப்படுத்தும் விமரிசகர்கள் சலிக்காமல் ஒரு பாராட்டை வழங்கி வருகிறார்கள்: இந்தப் பதிவில் ஷூமனின் குழப்பம் தெளிந்துவிட்டதாம்! ஷூமன் பியானோக்காரர், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதத் தெரியாதவர், போதாததற்குச் சித்தம் கலங்கியவர் என்கிற தீர்ப்பு அந்தப் பாராட்டுக்குள் பதுங்கி இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள நான் தயாராயில்லை.

சித்தக் கலக்கத்தை முதலில் பார்ப்போம். கிளாராவை மணந்த சில மாதங்களுக்குள், 1841 ஜனவரியில், நாலே நாளில் முதல் சிம்பொனிக்கு நகல் போட்டவர் ஷூமன். மார்ச் 31-ஆம் தேதி லைப்ஸிக் நகரத்துக் கெவாண்ட்ஹவுஸில் மெண்டல்ஸன் அதை நடத்தினார். டி மைனர் சிம்பொனியும் அதே வருஷம் அரங்கேறியது. அவர் ரைன் நதியில் குதித்தது 1854-இல். மனநோய் விடுதியில் உயிர்விட்டது 1856-இல். பின்னால் வந்த நோயை முன்னால் எழுதிய பக்கங்களில் தேடுவதற்கு விமரிசனம் என்றா பெயர்? வம்பு என்று பெயர்.

அடுத்தது ஓசைத் தடிப்பு. வயலின் பாடுவதையே ஓபோவும் கிளாரினெட்டும் கூடப் பாடுகின்றன என்பது குற்றச்சாட்டு. மெண்டல்ஸனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோஷ்டி சுமார் 50 பேர். இன்றைய பெரிய கோஷ்டியில் தந்தி வாத்தியக்காரர்கள் மட்டுமே அத்தனை பேர் இருப்பார்கள். குற்றம் எழுதியவர் மேலா, ஆளைக் கூட்டியவர் மேலா?

"ஷூமனே 1851-இல் டி மைனரைத் திருத்தித் தடிக்க வைத்தாரே?" என்று கேட்பீர்கள். ஆமாம்; அவருடைய பிள்ளை, அவர் திருத்தினார். பின்னால் வந்த வடிவம் கிளாராவுக்குப் பிடித்தது; பிராம்ஸுக்கு முந்தியதுதான் பிடித்தது. கிளாராவின் விருப்பத்தை மீறி, 1891-இல் அது அச்சேறவும் வழி செய்தார் பிராம்ஸ். சண்டைதான், ஆனால் அது ஷூமனின் இரண்டு வடிவங்களுக்குள் நடந்த சண்டை. மூன்றாம் மனிதரின் ஓசையை அதில் நுழைக்க இருவருமே முனையவில்லை.

நுழைத்தவர் மாஹ்லர். நான்கிலும் நூற்றுக்கணக்கான இடங்களில் கை வைத்தார். ஒன்று நியாயம்: முதல் சிம்பொனியின் தொடக்க அழைப்பு, அக்காலத்து வால்வு இல்லாத ஹார்னில் சரியாக ஒலிக்காததால், ஷூமன் அதை மேலே தூக்கி எழுதினார், மாஹ்லர் அதை ஷூமன் முதலில் நினைத்த இடத்துக்கே இறக்கினார். மற்றவையெல்லாம் மாஹ்லரின் காது. இந்தப் பிரதியைத்தான் ரிக்கார்டோ ஷாயி, அதே கெவாண்ட்ஹவுஸ் கோஷ்டியைக் கொண்டு 2006, 2007-இல் பதிவு செய்தார். கிளீவ்லண்டில் 1958 முதல் 1960 வரை பதிவு செய்த ஜார்ஜ் ஸெல்லும் திருத்தியவரே. அற்புதமான வாசிப்பு, திருத்தியதை அவர் ஒளிக்கவும் இல்லை.

பெர்ன்ஸ்டைன் 1960-இல் நியூயார்க்கில் ஷூமன் எழுதியபடியே வாசிக்க வைத்தார். கார்டினர் 1997-இல் அக்காலத்து வாத்தியங்களையும் சின்னக் கோஷ்டியையும் வைத்துக்கொண்டு, டி மைனரின் இரண்டு வடிவங்களையும் பதிவு செய்தார். கேட்டுப் பாருங்கள். தடிப்பு எங்கே போயிற்று?

ஸெல்லோடும் ஷாயியோடும் எனக்குச் சண்டை இல்லை. வெவ்வேறு கேள்வித்தாள் எழுதியவர்களை ஒரே மார்க் பட்டியலில் அடைக்கிறாரே விமரிசகர், அவரோடுதான் சண்டை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். நாளைக்கு யாரோ ஒருவர் என் வாக்கியங்களை வெட்டி ஒட்டி, என் பெயரிலேயே வெளியிட்டு, "இந்தப் பதிப்பில் ஆசிரியரின் குழப்பம் தெளிந்திருக்கிறது" என்று மதிப்புரையும் வந்தால், நான் சிரிப்பதா அழுவதா? எனக்காவது பதில் எழுத ஒரு பேனா இருக்கிறது. ஷூமனுக்கு அதுவும் இல்லை.

ஆகவே, பட்டியல் போடுகிறவர்களே, எந்தத் தட்டு உயர்த்தி என்று சொல்வதற்கு முன்னால், எதில் யாருடைய பிரதி ஒலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஸெல்லின் ஷூமனை ஸெல்லின் ஷூமன் என்றே புகழுங்கள். ஷூமனுக்கு எழுதத் தெரியாது என்று மட்டும், அவர் எழுதியதைக் கேட்காமல் சொல்லாதீர்கள்.