ஒதுங்கியவர் போய்விட்டவர் அல்லர்

கைப்பேசியில் ஒருவர் ரயில் டிக்கெட் எடுக்கிறார். நான்கு பயணிகளின் பெயர், வயது, கீழ்ப்படுக்கை வேண்டும் என்ற விருப்பம் எல்லாம் நிரப்பிப் பணம் கட்டும் இடத்துக்கு வந்தாயிற்று. ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. திரையின் மேலே எட்டிப்பார்த்த அறிவிப்பு, ஆறு இலக்கத்தையும் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து, எண்ணைப் பார்த்து, அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வருகிறார். செயலி முதல் பக்கத்தில் நிற்கிறது. நிரப்பியது ஒன்றும் இல்லை. செயலி கேட்ட எண்ணை எடுத்துவரத்தான் அவர் ஒரு கணம் ஒதுங்கினார். செயலியோ அவர் போய்விட்டதாக முடிவு கட்டிவிட்டது. செயலி திரையின் முன்னால் இருக்கிறதா, பின்னணிக்குப் போய்விட்டதா என்று கவனிப்பது நிரல் எழுதுபவர்களின் சிறு வேலை போலத் தெரியும். ஆனால் பின்னணிக்குப் போனதற்கான சைகை கிடைத்ததும் செயலி என்ன செய்கிறது என்பதில்தான், பயன்படுத்துபவரை அது எவ்வளவு மதிக்கிறது என்பது தெரியும். செயலிக்கு அதன் கடமையை நினைவூட்டுவதற்காக வந்த சைகை அது. அதை வைத்து மனிதரின் எண்ணத்தை ஊகிக்கக் கூடாது என்பதே என் வாதம்.

முதலில், இந்தச் சைகை எவ்வளவு நம்பகமானது என்று பார்ப்போம். ஆண்ட்ராய்டில் ஒரு செயலியின் ஒவ்வொரு திரையும் ‘தொடங்கினேன்’, ‘நின்றேன்’ என்று தனித்தனியே சொல்லும். 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 முதல், அந்தக் குரல்களை ஒரே இடத்தில் கேட்டு எண்ண முடிகிறது. தொடங்கி இன்னும் நிற்காத திரைகளின் எண்ணிக்கை பூஜ்யமானால் செயலி பின்னணிக்குப் போயிற்று என்று பொருள். ஆனால் கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்பினாலே பழைய திரை அழிந்து புதிய திரை பிறக்கும். இடையில் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டுவிடும். அதனால்தான் கூகுள் 2017-ல் தந்த ‘ப்ராசஸ் லைஃப்சைக்கிள் ஓனர்’ என்ற கருவி, கடைசித் திரை நின்ற பிறகும் 700 மில்லி விநாடி பொறுத்திருந்துவிட்டுத்தான் ‘பின்னணி’ என்று அறிவிக்கிறது. ஐபோனில் அழைப்பு வந்தாலோ கட்டுப்பாட்டு மையத்தை இழுத்தாலோ செயலி ‘செயலற்ற’ நிலைக்கு மட்டுமே போகும். அது பின்னணி ஆகாது. 2016-ல் ஆண்ட்ராய்டு 7 திரையை இரண்டாகப் பிரிக்க வழிசெய்தபோது, கண்ணெதிரே தெரியும்போதே ஒரு செயலி இடைநிறுத்தத்தில் இருக்க முடிந்தது. முன், பின் என்ற இரண்டே சொற்களுக்குள் இந்த நிலைகள் அடங்குவதில்லை. அமைப்பைக் கட்டியவர்களே ஏறக்குறைய முக்கால் விநாடி தயங்கித்தான் சொல்கிறார்கள் என்றால், அதற்கு மேல் ஊகிக்க செயலிக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

ஆனால் ஒன்றை மட்டும் இந்தச் சைகை உறுதியாகச் சொல்கிறது: இனி எந்த நேரமும் செயலியின் ஓட்டம் நிறுத்தப்படலாம், முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஐபோனில் பின்னணிக்குப் போகும் செயலிக்குக் கிடைப்பது சுமார் ஐந்து விநாடி. உறங்கவைக்கப்பட்ட பிறகு, நினைவகம் போதாமல் அதை நீக்கினால் அதற்குத் தகவலே போகாது. ஆகவே செய்ய வேண்டியவை மூன்று: காப்பது, மறைப்பது, விடுவது. பாதி எழுதிய படிவத்தைச் சேமித்துக் காக்க வேண்டும். சமீபச் செயலிகளின் வரிசையில் காட்டுவதற்காக ஐபோன் அந்தக் கணத்தில் திரையைப் படமெடுக்கும். வங்கி இருப்புத்தொகை அதில் பதிந்துவிடாமல் மறைக்க வேண்டும். கேமரா, மைக், இருப்பிடத் தகவல் ஆகியவற்றின் பிடியை விட வேண்டும். 2018-ல் ஆண்ட்ராய்டு 9, பின்னணிச் செயலிகளுக்குக் கேமராவையும் மைக்கையும் அடைத்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 10, ‘பயன்படுத்தும்போது மட்டும்’ இருப்பிடம் தரும் உரிமையை நம் கையில் கொடுத்தது. பின்னணி என்பது செயலி தன் உரிமைகளைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய எல்லை என்பதையே இந்த மாற்றங்கள் காட்டுகின்றன.

வங்கிச் செயலிகள் பின்னணிக்குப் போனதும் பயனரை வெளியேற்றாவிட்டால், கைப்பேசி வேறொருவர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் பூட்டுவது வேறு, அழிப்பது வேறு. உடனே திரையை மறைக்கலாம். குறிப்பிட்ட நேரம் கடந்து திரும்பினால் கைரேகையோ பின் எண்ணோ கேட்கலாம். அந்த நேரத்தையும் பயனர் மாற்றக்கூடிய சுவர்க்கடிகார நேரத்தைக் கொண்டு அளக்காமல், கைப்பேசி இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் கணக்கைக் கொண்டு அளக்கலாம். அடையாளம் சரியென்றால் விட்ட இடத்திலேயே திறந்துவிடலாம். கதவைப் பூட்டச் சொன்னதற்கு வீட்டுச் சாமானை எல்லாம் எடுத்துத் தெருவில் போடுவது பாதுகாப்பு ஆகாது.

எவ்வளவு நேரம் பயன்படுகிறது என்று தெரியாமல் செயலியை எப்படி மேம்படுத்துவது என்பது இன்னொரு கேள்வி. அளக்கட்டும், அளவுக்கு இல்லாத அர்த்தத்தை ஏற்ற வேண்டாம். மேசையில் திறந்தபடி கிடக்கும் கைப்பேசியும் ‘முன்னால்’ இருந்த நேரமாகவே கணக்கில் சேர்கிறது. திரையை அணைத்துவிட்டுச் சமையலறையில் பாட்டுக் கேட்பவர் பாட்டுச் செயலியை முழுமையாகப் பயன்படுத்துகிறார். முன்திரை நேரத்தை மட்டும் பார்த்தால் அவர் இல்லவே இல்லை. கூகுளின் பகுப்பாய்வுக் கருவியிலும், ஓர் அமர்வு முடிந்ததாகக் கொள்ள இயல்பாக வைத்திருக்கும் இடைவெளி 30 நிமிடம். ஒதுங்கியவர் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பு அதிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, ஒதுங்கிய மறுநிமிடம் ‘எங்கே போனீர்கள்’ என்று அறிவிப்பு அனுப்பி நச்சரிக்க எந்த அளவீடும் நியாயம் தராது.

சிறிய குழுக்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். சோதனை எளிது. ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளில், விட்டு நகர்ந்ததும் திரையை அழித்துவிடும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கி, படிவத்தைப் பாதி நிரப்பி, எஸ்எம்எஸ் பெட்டிக்குப் போய்த் திரும்ப வேண்டும். சில நிமிட வேலை. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இதைச் செய்வதை யாரும் விட்டுவிடக் கூடாது. ஆறு இலக்கத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறவருக்கு, நான்கு பெயர்களும் அப்படியே இருக்க வேண்டும். எண்ணைப் போட வேண்டிய கட்டம் திறந்திருக்க வேண்டும்.