வாப்பாவின் கையில் இருந்தது மணிக்கூடு இல்லை



பெருநாளுக்கு நாங்கள் போட்ட குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு, "வாப்பாட கையில என்ன புது மணிக்கூடு?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அது மணிக்கூடு இல்லை. காது இரைச்சலுக்கென்று கட்டுகின்ற ஒரு பட்டி. ஒருவருக்கு அதைச் சொல்லப் போய், இப்போது இன்பொக்ஸில் விலை கேட்கிறார்கள், எங்கே எடுக்கலாம் என்று கேட்கிறார்கள். தன் உம்மாவுக்காக நகையை ஈடு வைக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தா. அவவுக்குப் பதில் எழுதத் தொடங்கியதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். அந்த நகையை ஈடு வைக்க வேண்டாம். இந்தக் கருவிகள் ஏமாற்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய மலிவான வேலைகள் சில இருக்கின்றன. நம்ம ஊரில் அவற்றை யாரும் செய்வதில்லை. நாங்களும் செய்யவில்லை.

வாப்பா 31 வருடம் ரைஸ் மில்லில் நின்றவர். நெல் குத்தும் மெஷினுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நின்று, கையைக் காட்டித்தான் கதைப்பார். வீட்டுக்கு வந்தும் சத்தமாகத்தான் பேசுவார். சின்ன வயதில் வாப்பா கோபக்காரர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். காது கேட்காததால்தான் அப்படிப் பேசினார் என்று விளங்குவதற்கு நாங்கள் முப்பது வயதைத் தாண்ட வேண்டி இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு நாள், "மகன், காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி இரையிது. எல்லாரும் படுத்த பொறகு கூடிப் போகுது" என்றார். உம்மா சிரித்துக்கொண்டே, "யாரோ உங்களப் பத்திக் கதைக்கிறாங்க" என்றா. நம்ம பக்கம் எல்லோரும் சொல்வதுதானே. காது இரைந்தால் ஸலவாத்துச் சொல்லுகின்ற பெரியவர்களும் இருக்கிறார்கள். ஸலவாத்துச் சொல்வது எப்போதும் நல்லதுதான், ஆனால் வாப்பாவுக்கு அந்தச் சத்தம் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. ஓதிய தண்ணீரும் கொடுத்துப் பார்த்தோம். நல்லெண்ணெயைச் சுட வைத்து ஊற்றச் சொன்னார்கள், அதையும் செய்தோம். (தயவு செய்து அதை யாரும் செய்ய வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் கட்டிவிடும்.) காட்டிய ஒரு இடத்தில், "வயசு போனா அப்படித்தான், ஒண்டும் செய்ய ஏலா" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒரு வரி வாப்பாவை உடைத்துவிட்டது. அதற்குப் பிறகு தஹஜ்ஜுத்துக்கு எழும்புவதை விட்டார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். ஒரு நாள் உம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: அமைதியில் நின்றால் அந்தச் சத்தம்தான் கேட்கிறதாம், ஓதுவது மனதில் நிற்கவில்லையாம். ஐம்பது வருடமாக விடாத ஒன்றை விட்ட மனுஷன் எங்களிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

இதற்கு மருத்துவத்தில் டினிட்டஸ் என்று பெயர். புதிய வருத்தமும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முன் இப்னு சீனா எழுதிய மருத்துவ நூலில் காது நோய்களோடு இதுவும் வருகிறது. அரபியில் தனீன் என்பார்கள். இசை மேதை பீத்தோவன் 1801 இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இரவும் பகலும் காது இரைவதாக அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை வாப்பாவுக்கு விளங்கப்படுத்த எங்களுக்கு ஒரு பழைய றேடியோ உதவியது. நம்முடைய உள்காதில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 என்ற கணக்கில், மிக நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஒலியை வாங்கி நரம்புக்குக் கொடுப்பவை அவைதான். பெரிய சத்தத்தில் பல வருடம் நின்றால் அவை செத்துப்போகும். மனிதனுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. காதிலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்ததும், ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத றேடியோவின் வொலியூமை நாம் கூட்டுவது போல மூளை கூட்டிப் பார்க்கிறது. அப்போது வருகிற இரைச்சல்தான் இது. பெரும்பாலானவர்களுக்கு நடப்பதை இப்படித்தான் விளக்குகிறார்கள். வாப்பா கேட்டுவிட்டு, "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல" என்றார். அந்தப் பயம் அவருக்கு இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

1953 இல் அமெரிக்காவில் ஹெல்லர், பேர்க்மன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் இருத்தி என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 வீதமானவர்கள் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள்! ஆக, அந்தச் சத்தம் கொஞ்சம் எல்லோரிடமும் இருக்கிறது. மூளை அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. சிலருக்கு அப்படி விட முடியாமல் போகிறது.

இனி கருவிகளுக்கு வருவோம். வாப்பா கட்டியிருந்தது மணிக்கட்டில் கட்டும் வகை. போனில் விதம்விதமான தொனிகள் ஒலிக்கும். ஒவ்வொரு தொனிக்கும் பட்டியில் வேறு வேறு இடத்தில் அதிரும். காதும் தோலும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லும்போது, வெளியிலிருந்து வரும் சத்தம் எது, தானே உண்டாக்கிய சத்தம் எது என்று மூளை மெல்லப் பிரித்துப் பழகும் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் நரம்பியல் விஞ்ஞானி டேவிட் ஈகிள்மன் தொடங்கிய நியோசென்சரி நிறுவனம் இந்த வகையைச் செய்தது.

இன்னொன்று அயர்லாந்தின் லெனைர். அதில் காதுக்கு ஹெட்போன், நாக்கின் நுனியில் 32 சின்ன மின்முனைகள் உள்ள ஒரு துண்டு. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், 12 கிழமை. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எப்.டி.ஏ. அதற்கு அனுமதி கொடுத்தது. அதுவும் தொல்லை நடுத்தர அளவுக்கோ அதற்கு மேலோ உள்ள பெரியவர்களுக்குத்தான். லேசாக இரைகிறது என்பவர்களுக்கு இல்லை. 2023 இல் அங்கே அதற்குச் சுமார் 4,000 டொலர் எடுத்தார்கள். நம்ம காசில் பன்னிரண்டு லட்சம் அளவில் வரும். எங்கள் ஒரு வருடச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுத்தாலும் போதாது.

எங்களுக்கு அந்தப் பட்டி சும்மாதான் கிடைத்தது. தோஹாவில் இருக்கும் மச்சானோடு வேலை செய்யும் ஒருவர் பாவித்து முடித்துவிட்டு இரவல் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம், இரண்டு மாதம் என்று சொல்லித் தந்தார்கள். அஸருக்குப் பிறகு வாப்பா முன் விறாந்தையில் உட்காருவார். பேரப்பிள்ளைதான் போனை அமுக்கிக் கொடுக்கும் டெக்னீஷியன்.

வாத்திமார் வீடென்றால் புள்ளி போடாமல் இருப்போமா? ஒரு கொப்பியில் இரண்டு நிரல் கீறினோம். ஒன்றில் 'சத்தம் எவ்வளவு', மற்றதில் 'தொல்லை எவ்வளவு'. இரண்டும் பத்துக்கு. முதல் நாள் சத்தம் 8, தொல்லை 9. மூன்றாம் கிழமை வரை ஒரு மாற்றமும் இல்லை. "இத நம்மட மாட்டுக்குக் கட்டி விடுங்க" என்று வாப்பா பகிடி விட்டார். ஆறாம் கிழமைக்குப் பிறகு தொல்லை 6, 5 என்று இறங்கியது. இரண்டு மாதம் முடிகையில் சத்தம் 7, தொல்லை 4.

சத்தம் கிட்டத்தட்ட அதேதான், தொல்லைதான் பாதியாகக் குறைந்தது. பட்டி இரைச்சலை நிறுத்தும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டு நிரலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொல்லை குறைந்ததும் பட்டியால்தானா? இங்கேதான் நாங்கள் வெட்கப்பட வேண்டி இருக்கிறது. ஒரு பரிசோதனையில் ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று வகுப்பில் தொண்டை வற்றக் கற்பிக்கிறோம். வீட்டில் என்ன செய்தோம்? பட்டி வந்த அதே கிழமையில்தான் வாப்பாவை முதன்முதலாகக் கேட்டல் பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். உயர்ந்த தொனிகள் இரண்டு காதிலும் நன்றாக இறங்கியிருந்தன. ஐந்தாம் கிழமையில் காது மெஷின் போட்டோம். இரவில் தலைமாட்டில் றேடியோவை மெதுவாக ஓட விடத் தொடங்கினோம். இவ்வளவும் போக, மூன்று வருடமாக யாரும் கேட்காத மனுஷனிடம் ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை வந்து, "அப்பா, இண்டைக்கு எத்தன புள்ளி?" என்று கேட்டது. நாலில் எது வேலை செய்தது என்று எங்களால் சொல்ல முடியாது. எங்கள் சந்தேகம் காது மெஷின் மேலும் பேரப்பிள்ளை மேலும்தான்.

பெரிய ஆய்வுகளிலும் இதே கேள்வி உண்டு. லெனைரின் முதல் பெரிய ஆய்வு 326 பேரோடு நடந்து 2020 இல் வெளிவந்தது. பலருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது, சிகிச்சை முடிந்து ஒரு வருடம் வரை நின்றது. ஆனால் வேலை செய்யாத போலிக் கருவியைக் கொடுத்து ஒப்பிட்ட ஒரு குழு அதில் இல்லை. காது இரைச்சலுக்கு இது முக்கியம். யாராவது கவனிக்கிறார்கள் என்ற நினைப்பே தொல்லையைக் குறைத்துவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் என்பவரின் குழு, ஒலியோடு தோலில் சிறு மின்தூண்டலும் கொடுக்கும் இன்னொரு கருவியை 99 பேரிடம், எது உண்மைச் சிகிச்சை என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்து 2023 இல் வெளியிட்டது. பலன் தெரிந்தது. அதில் எடுத்தவர்கள் கழுத்தையோ தாடையையோ அசைத்தால் இரைச்சல் மாறுகின்றவர்கள் மட்டும். ஆகவே இந்தத் துறையில் நம்பிக்கை இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் நகையை ஈடு வைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

அதற்கு முன் செய்ய வேண்டியது என்ன? காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று ஒருவர் வெளிச்சம் அடித்துப் பார்க்கட்டும். சிலருக்கு அதோடு கதை முடிந்துவிடும். பாவிக்கும் மருந்துகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், சில மருந்துகளே இரைச்சலைக் கொடுக்கும். பிறகு ஈ.என்.டி. வைத்தியர், கேட்டல் பரிசோதனை. கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது மெஷின்தான் முதலில், வெளிச் சத்தம் உள்ளே போனால் மூளை வொலியூமைக் கூட்டத் தேவையில்லை. தொல்லை மனதைப் பிடித்தவர்களுக்கு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சைக்குத்தான் எல்லாவற்றிலும் உறுதியான சான்று இருக்கிறது. நம்ம ஊரில் அதைச் சொன்னால் உடனே "மனநோயா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஒரு காதில் மட்டும் இரைந்தால், நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தால், தலைச்சுற்று இருந்தால் தள்ளிப் போட வேண்டாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள். அதற்கு மருந்து உண்டு, நாள் போனால் பலன் குறையும்.

பேஸ்புக்கில் சொட்டு மருந்து, குளிசை விற்கிறவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜிங்கோ, சிங்க், மெலடோனின் ஆகியவற்றைக் காது இரைச்சலுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க ஈ.என்.டி. சங்கத்தின் 2014 வழிகாட்டலே சொல்கிறது. அவற்றைத்தான் புதுப் பெயரில் விற்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காதுக்கு அணியும் கருவிகளிலேயே மலிவானது, வருத்தம் வருமுன்னே காப்பது, காதுக் கவசம். ரைஸ் மில்லிலும் மரம் அரிகின்ற மில்லிலும் கிரைண்டர் பிடிக்கும் வெல்டிங் கடையிலும் அதைப் போட்ட ஒருவரை நாங்கள் இன்னும் காணவில்லை. மில் முதலாளிமார் நமக்குள்தான் இருக்கிறார்கள், தொழுகையில் பக்கத்து ஸஃப்பில் நிற்கிறார்கள். ஸகாத், ஸதகா என்று அள்ளிக் கொடுக்கிறார்கள், அல்லாஹ் கபூல் செய்யட்டும். ஆளுக்கு ஒரு கவசம் வாங்கிக் கொடுத்து, போடாதவனை வேலைக்கு ஏற்ற மாட்டோம் என்று சொல்ல என்ன தடை? வாப்பாவின் முதலாளியும் நல்ல மனுஷன்தான். அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது தெரியும், இனி அந்தக் காரணம் சொல்ல ஏலாது.

கல்யாண வீட்டு சவுண்ட் சிஸ்டத்தைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு இன்னும் இரண்டு பக்கம் போகும், அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.

வாப்பா இப்போது தஹஜ்ஜுத்துக்கு எழும்புகிறார். ஒவ்வொரு நாளும் இல்லை. இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டால், "அது அதுட பாட்டுக்குக் கெடக்கு" என்கிறார். காது மெஷினின் பெட்டரி முடிந்தால்தான் எங்களைத் திட்டுகிறார்.

பட்டி இன்னும் இரண்டு கிழமை எங்கள் வீட்டில் இருக்கும், பிறகு மச்சானிடம் திருப்பி அனுப்ப வேண்டும். தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் மஃரிபுக்குப் பிறகு வாருங்கள். வாப்பா விறாந்தையில்தான் இருப்பார், கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போதும். இன்பொக்ஸில் கேட்ட அந்தச் சகோதரி உம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டும். பரிசோதனைக்குப் போகும் நாளில் துணை வேணுமென்றாலும் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் ஒருவர் வருவோம்.